பாதத்துக்கு ஒரு பரீட்சை

போன வாரம் மாம்பலத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தேன். பந்திக்கு இலை போடுகிற வரையில் கூடத்தில் உட்கார்ந்து வம்பளந்து கொண்டிருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த மாமி கைப்பையைத் திறந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்தாள். பொட்டு கலைந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். மாமியோ காலைச் சற்றே தூக்கி, கண்ணாடியை அடியில் பிடித்து, உள்ளங்காலை நிதானமாகப் பார்த்துக் கொண்டாள். ஒரு கால் ஆனதும் மறு கால்!

"என்ன மாமி, மெட்டி கழன்று விழுந்து விட்டதா?" என்று கேட்டு வைத்தேன்.

"மெட்டி இல்லேடி, காலே கழன்று போக இருந்தது. சீமையிலே ஒருத்தி காப்பாற்றிக் கொடுத்தாள். காலையிலே ஒரு தரம், வெளியிலே போய் விட்டு வந்தால் ஒரு தரம், இப்படிப் பார்த்துக்கணும்னு அவள் உத்தரவு."

அப்புறம் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் முழுக் கதையையும் கேட்டுக் கொண்டேன். மாமிக்குப் பாயசம் கிடையாது. பதினெட்டு வருஷத்துச் சர்க்கரை.

மாமி ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் நடத்தி ரிடையர் ஆனவள். 2024 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போனாள். ஆறு மாதம் தங்குவதாக ஏற்பாடு. இடது காலில் கட்டை விரலுக்கு அடியில் வெகு நாளாக ஒரு காய்ப்பு. கால் ஆணி என்று மாமியே பெயர் வைத்து, மாதம் ஒரு தரம் பிளேடால் சீவிக் கொள்வது வழக்கம். அங்கேயும் ஒரு நாள் குளியலறையில் அந்தக் கைங்கரியத்தை ஆரம்பித்திருக்கிறாள். பெண் பார்த்துவிட்டாள். பிளேடைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மறு நாளே பாத வைத்தியரிடம் அழைத்துப் போனாள்.

அந்த ஊரில் பாதத்துக்கென்றே தனி வைத்தியர் உண்டு. 'போடியாட்ரிஸ்ட்' என்று பெயர். பழைய பெயர் 'கிரோபோடிஸ்ட்'. நகம், காய்ப்பு, ஆணியிலிருந்து சர்க்கரை வியாதிக்காரர்களின் புண் வரையில் எல்லாம் அவர்கள் வேலை. மாமிக்கு வாய்த்தவள் ஐம்பது வயசு வெள்ளைக்காரி. காய்ப்பைத் தொடுவதற்கு முன்னால், ஒரு பிடியில் பொருத்தின நைலான் இழை ஒன்றை எடுத்தாளாம். பார்ப்பதற்குத் தூண்டில் நரம்பு மாதிரி இருந்ததாம். "கண்ணை மூடிக் கொள்ளுங்கள். காலில் எங்கே பட்டாலும் 'எஸ்' என்று சொல்லுங்கள்" என்றாள்.

மாமி கண்ணை மூடிக் கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் நடக்கிற வழியாக இல்லை. வலது காலில் எங்கேயோ ஓர் இடத்தில் லேசாகப் பட்டது, 'எஸ்' என்றாள். மறுபடியும் நிசப்தம். பொறுமை போய், "எப்போதான் ஆரம்பிக்கப் போகிறாள்?" என்று பெண்ணைக் கேட்டாள். பதில் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், பெண் கையால் வாயைப் பொத்திக் கொண்டு நிற்கிறாள். இரண்டு பாதங்களிலும் ஏழெட்டு இடங்களில் அந்த இழை வளையும் வரையில் அழுத்தியாகிவிட்டது. மாமிக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருக்கிறது.

அப்புறம் காய்ப்பைப் பக்குவமாகச் சீவினாள். அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்குப் புண்! அந்தப் புண்ணோடுதான் மாமி விமானம் ஏறியிருக்கிறாள், மான்செஸ்டர் கடை வீதியெல்லாம் நடந்திருக்கிறாள். வலித்தால் அல்லவா நொண்டுவதற்கு? அந்தப் பெண்மணி நல்லது பொல்லாது ஒன்றும் பேசவில்லை. கட்டுப் போட்டாள், உடனே டெலிபோனை எடுத்தாள். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் பாதத்துக்கான பிரிவில் மாமியைப் பார்த்துவிட்டார்கள். அந்த நாட்டில் இது வெறும் நல்ல மனசு மட்டும் அல்ல, விதி. சர்க்கரை வியாதிக்காரர் காலில் புண் என்றால் ஒரு வேலை நாளுக்குள் அதற்கான பிரிவுக்கு அனுப்பியாக வேண்டும் என்று 2015-ல் வெளிவந்த தேசிய வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது.

மாமி கேட்டாளாம்: "இதெல்லாம் உனக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்ததா?"

"நான் பாஸ் செய்தது 1996-ல். 2015-ல் வந்த விதியை அப்போது யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?" என்று சிரித்தாளாம் அவள்.

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குக் காது நிமிர்ந்தது. உத்தியோகம் கிடைத்த அன்றைக்கே புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடுகிற வழக்கம் நமக்கு உண்டு. டாக்டர் என்றால் சுவரில் சட்டம் போட்டு மாட்டின பட்டத்தைப் பார்த்துவிட்டு நாக்கை நீட்டிவிடுகிறோம். அந்தப் பட்டம் எந்த வருஷத்தியது, அதற்குப் பிறகு அவர் என்ன படித்தார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு! அங்கே நோயாளி கேட்க வேண்டியதே இல்லை. கேட்பதற்கென்றே ஒரு கவுன்ஸில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1960-ல் வந்த சட்டத்தின்படி பாத வைத்தியர்களுக்கு அரசாங்க ரிஜிஸ்தர் ஏற்பட்டது. ஆனாலும் ரிஜிஸ்தரில் பெயர் இல்லாதவர்களும் 'கிரோபோடிஸ்ட்' என்று பலகை மாட்டிக் கொள்ளலாம் என்ற ஓட்டை வெகு காலம் இருந்தது. 2003-ல் புதிய ரிஜிஸ்தர் திறந்த பிறகுதான் அந்தப் பெயர்களுக்கே சட்டத்தின் காவல் வந்தது. இப்போது ரிஜிஸ்தரில் இல்லாதவர் அந்தப் பெயரை வைத்துக் கொண்டால் குற்றம். யார் வேண்டுமானாலும் வைத்தியரின் பெயரைப் போட்டு இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கலாம். (இதிலும் ஒரு சூட்சுமம்: 'பாத ஆரோக்கிய நிபுணர்' என்கிற மாதிரி வேறு பெயர் வைத்துக் கொண்டால் இந்தச் சட்டம் தொடாது. அங்கே பெற்றோரை வரவழைத்துக் கொள்கிற பிள்ளைகள் பலகையைச் சரியாகப் படிக்கட்டும்.)

ரிஜிஸ்தரில் பெயர் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும் என்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். பாத வைத்தியர்களுக்கு இரட்டைப்படை வருஷங்களில் ஜூலை 31-ந் தேதி கெடு. பணத்தைக் கட்டுவதோடு, "தொழிலில் தொடர்ந்து கற்று வருகிறேன்" என்று உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். உறுதிமொழி கொடுப்பதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் கவுன்ஸில் ஒரு குலுக்கல் வைத்திருக்கிறது. நூற்றுக்கு இரண்டரைப் பேர், அதாவது நாற்பது பேருக்கு ஒருவர், குருட்டு வாக்கில் பொறுக்கி எடுக்கப்படுவார். "கற்றேன் என்றீர்களே, காட்டுங்கள்" என்று அவருக்குத் தகவல் போகும். இந்தச் சோதனையை 2008-ல் முதன்முதலாக ஆரம்பித்தபோது, வரிசையில் முன்னால் நிறுத்தப்பட்டவர்களில் பாத வைத்தியர்களும் சேர்த்தி.

மாமியின் புண்ணுக்குக் கட்டு மாற்றிக் கொண்டிருந்த மே மாதத்தில், அந்தக் குலுக்கலில் அந்த அம்மாளின் பெயர் விழுந்துவிட்டது.

"அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கணுமே, நம்ம ஊர்ப் பெண் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்டுக்கு நிற்கிற மாதிரி நின்றாள்" என்றாள் மாமி.

சும்மாவா? காட்டத் தவறினால் ரிஜிஸ்தரிலிருந்து பெயரை எடுத்துவிடலாம். பெயர் போனால் தொழில் போச்சு. அப்பீல் உண்டு, குறை இருந்தால் சேர்த்துக் கொடுக்க அவகாசமும் உண்டு. வியாதி, பிரசவம் என்றால் தள்ளிப் போடவும் இடம் கொடுக்கிறார்கள். இருந்தாலும் கடிதத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

வேடிக்கை என்னவென்றால், இத்தனை மணி நேரம் படித்தாயா என்று அங்கே கேட்பதில்லை. மணிக் கணக்கே கிடையாது. தேதி வாரியாகக் குறிப்பு வைத்திருக்க வேண்டும். ஒரே மாதிரி இல்லாமல் பல வழிகளில் கற்றிருக்க வேண்டும்: வகுப்புக்குப் போனது, சஞ்சிகை படித்தது, சக வைத்தியரோடு ஒரு கேஸை விவாதித்தது, மாணவிக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் கணக்கில் சேரும். கற்றதனால் தன் வேலை எப்படித் திருந்தியது, நோயாளிக்கு என்ன லாபம் என்று எழுத வேண்டும். இந்த லாபக் கணக்குதான் கஷ்டம். தன் வேலையைப் பற்றி ஐந்நூறு வார்த்தை, கற்றதைப் பற்றி ஆயிரத்து ஐந்நூறு வார்த்தை வரையில் எழுதி, அத்தாட்சிக் காகிதங்களையும் சேர்த்துக் கொடுத்தால், தொழில் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

"எனக்குக் காலைப் பார்க்கத் தெரியும், கட்டுரை எழுதத் தெரியாதே!" என்று அவள் புலம்பினாளாம். முப்பது வருஷம் காம்போஸிஷன் நோட்டுத் திருத்தின மாமிக்குக் கை துறுதுறுத்தது. "நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேவிட்டாள். "ஐயோ, சொந்தக் கையால் எழுத வேண்டும் என்பதும் விதிகளில் ஒன்று" என்று அவள் காதைப் பொத்திக் கொண்டாளாம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே பாத வைத்தியர் நாலு வருஷம் அதற்கென்றே உள்ள கல்லூரியில் படித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, கத்தி எடுத்து ரண சிகிச்சையும் செய்கிறவர். லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாகாணம். கணக்கு மணியில்தான். கலிபோர்னியாவில் 2 வருஷத்துக்கு 50 மணி. நியூயார்க்கில் 3 வருஷத்துக்கு 50. ப்ளாரிடாவில் 2 வருஷத்துக்கு 40. வலி மருந்து என்ற பெயரில் அபின் வகை மருந்துகள் அந்த நாட்டைப் படுத்தின பாட்டினால், அத்தகைய மருந்து எழுதும் உரிமை உள்ள எல்லா வைத்தியர்களும் அதைப் பற்றி ஒரு தரம் 8 மணி நேரம் படித்தாக வேண்டும் என்று 2023 ஜூனில் மத்திய அரசாங்கச் சட்டம் ஒன்று வேறு வந்து சேர்ந்தது. கலிபோர்னியாக்காரர்கள், மணி மட்டும் போதாது, பரீட்சையோ, சிறப்புப் பட்டமோ, ஆஸ்பத்திரியில் சிகிச்சை செய்யும் உரிமையோ, ஏதாவது ஒரு வழியில் திறமையையும் நிரூபி என்கிறார்கள்.

எது மேல் என்று என்னைக் கேட்டால், மணிக் கணக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உபந்நியாசத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தூங்கினவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் மூன்று மணி நேரம் கேட்டவர்கள்தாமே! ஆனால் இங்கிலாந்து முறையிலும் பேனா பிடிக்கத் தெரிந்தவருக்குச் சௌகரியம் அதிகம். கை வேலை தெரிந்தும் எழுத வராதவர்கள் உண்டு. முப்பத்தொன்பது பேர் இந்தத் தடவை தப்பித்துக் கொள்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த நாற்பதாவது ஆள் நாமாக இருக்கலாம் என்ற பயம் எல்லாரையும் குறிப்பு நோட்டு எழுத வைக்கிறதே, அதைச் சொல்லுங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேனே. அந்த அம்மாள் இரண்டு குழந்தைகளுக்காக ஆறு வருஷம் வேலையை விட்டு வீட்டோடு இருந்தவளாம். திரும்பி வந்தபோது ரிஜிஸ்தர் கதவு சாத்தியிருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் விட்டிருந்தால் 30 நாள், ஐந்து வருஷத்துக்கு மேல் என்றால் 60 நாள் புதிதாகக் கற்றுக் கொண்டு வா என்று மட்டும் சொன்னார்கள். அதிலும் வீட்டிலேயே படிப்பது பாதிக்கு மேல் கூடாது. மீதியை ஒரு வைத்தியரின் மேற்பார்வையிலோ வகுப்பிலோ கழிக்க வேண்டும். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அறுபது நாள் அப்படிக் கழித்தாளாம். படித்துவிட்டு, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, "இனிமேல் யார் எடுத்துக் கொள்ளப் போகிறார்கள்?" என்று பெருமூச்சு விடும் பெண்கள் நம் தெருவில் எத்தனை பேர்! அறுபது நாள் என்று ஒரு கணக்குச் சொல்ல நமக்கு யாராவது இருந்தால் தேவலை.

இனி அந்த நைலான் இழைக்கு வருகிறேன். அதைப் பற்றி அவள் மாமிக்குச் சொன்ன கதைதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது.

மாமியின் புண் ஆறுவதற்குப் பாதம் முழுவதையும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு மாவுக்கட்டுப் போட்டார்கள். நடக்கும்போது பாரம் ஒரே இடத்தில் விழாமல் அது பரப்பிவிடுமாம். கட்டுப் போட்ட அன்று அவள், "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டாள். மெட்ராஸ் என்றாள் மாமி. "வேலூருக்குப் பக்கமா?" என்றாளே பார்க்க வேண்டும்! மான்செஸ்டரில் ஒரு வெள்ளைக்காரி வாயிலிருந்து வேலூர்!

டாக்டர் பால் பிராண்டின் பெயர் நம்மில் பழைய தலைமுறையினருக்குத் தெரிந்திருக்கும். பாதிரிமார் தம்பதிக்கு 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் கைகால்களுக்கு ரண சிகிச்சை செய்தார். விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்றுதான் உலகம் அதுவரை நினைத்துக் கொண்டிருந்தது. அப்படி அல்ல, வலி தெரியாததுதான் காரணம் என்று அவர் காட்டினார். வலி தெரியாத கால் செருப்பு ஆணியின் மேலும் நடக்கும், நெருப்பின் மேலும் நடக்கும். அந்தக் கால்களுக்காக மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புத் தைக்கும் வேலை வேலூரில் நடந்தது. இன்றைக்குச் சர்க்கரை வியாதிக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்களே, எம்.ஸி.ஆர். செருப்பு, அதுதான். தொழுநோயாளரின் புண்ணுக்கு அந்த மாவுக்கட்டையும் நம் நாட்டில் போட்டுப் பழகியிருந்தார்கள். 1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூஸியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணும் வேலூரில் பார்த்த புண்ணும் ஒரே கதைதான் என்று கண்டு கொண்டார். மாவுக்கட்டு அவரோடு அந்த நாட்டுக்குப் போயிற்று. நைலான் இழையால் தொட்டுப் பார்த்து, எந்த இழை தெரியாவிட்டால் காலுக்கு ஆபத்து என்று கணக்கிட்ட ஆராய்ச்சி, அதே கார்வில்லிலிருந்து 1986-ல் வெளிவந்தது. பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. மாமியின் காலைத் தொட்டதும் அதுதான்.

"என்னுடைய ஆசிரியர்கள் படித்த புத்தகத்தில் இந்த இழை கிடையாது. அவர்கள் பட்டம் வாங்கின பிறகு கற்றுக் கொண்டு எனக்குச் சொன்னார்கள். அவர்கள் அன்றைக்கே புத்தகத்தை மூடியிருந்தால், இன்றைக்கு உங்கள் காய்ப்பை மட்டும் சீவி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றாளாம் அவள்.

அவளுக்கே இன்னொன்றும் உண்டு. 2013 வரையில் அந்த நாட்டில் பாத வைத்தியர்கள் டாக்டரைப் போலத் தாமாக மருந்துச் சீட்டு எழுதும் முழு உரிமை கிடையாது. அந்த வருஷம் சட்டம் மாறிற்று. தனியாக ஒரு படிப்பு முடித்தவர்களுக்கு மட்டும் உரிமை. அவள் நாற்பதாவது வயசில் மறுபடி மாணவியாகி அதையும் படித்து முடித்தவள்.

ஜூன் கடைசியில் ஒரு நாள், மாமியின் கட்டைப் பிரித்துக் கொண்டே, தயங்கித் தயங்கிக் கேட்டாளாம்: "உங்கள் பெயரோ ஊரோ வராமல், உங்கள் காலைப் பற்றி என்னுடைய குறிப்பில் எழுதிக் கொள்ளலாமா? படித்ததனால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்கள். எனக்கு உங்கள் கால்தான் ஞாபகம் வருகிறது." சம்மதக் காகிதத்தை நீட்டினாள். மாமி மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, பழைய வழக்கத்தை விடாமல் அதில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்டில் புண் மூடிவிட்டது. செப்டம்பரில் அவளுக்கும் கவுன்ஸிலிலிருந்து பதில் வந்தது: எல்லாம் திருப்திகரம். மாமி அக்டோபரில் ஊர் திரும்புவதற்கு முன்னால் ஒரு டப்பா முறுக்கு கொண்டு போய்க் கொடுத்தாளாம். அவள் பதிலுக்குக் கொடுத்ததுதான் இந்தக் கைக்கண்ணாடி. கூடவே உத்தரவுகளும்: பிளேடு கூடாது, கால் ஆணிக்கென்று கடையில் விற்கிற மருந்து பிளாஸ்திரியை ஒட்டக் கூடாது, வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கடைசி உத்தரவுதான் மாமிக்குச் சங்கடம். பூஜை அறைக்கென்று தனியாகத் துணிச் செருப்பு ஒரு ஜோடி தைத்து வைத்திருக்கிறாள். மாமாவுக்கு அதில் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

இலை எடுக்கிற நேரம். எழுந்திருக்கும்போது மாமி சொன்னாள்: "சீமையிலே ஏதோ ஒரு ஆபீஸிலே என் இடது கால் காகிதத்திலே உட்கார்ந்திருக்குடி. பேருதான் போடலை."